டிஸ்ஹானர்ட்: யாழ்ப்பாணத்தில் விளையாடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2012 ஒக்டோபரில் வெளிவந்த டிஸ்ஹானர்ட் முதலாம் பாகத்தைப் பற்றிய பக்கம் இது. ஆர்க்கேன் ஸ்டூடியோஸ் உருவாக்கி, பெதஸ்டா வெளியிட்ட கேம். வயது போன கேம்தான். ஆனால் எங்கள் ஊரில் பலரிடம் இருக்கிற கொம்பியூட்டரில் சிரமமில்லாமல் ஓடக்கூடிய, ஒளிந்து நகரும் கேம்களில் இதைவிட நல்லது ஒன்றைக் காட்டுவது கஷ்டம். அதனால் இன்னும் புது ஆட்கள் தொடங்குகிறார்கள், அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கதையை உடைக்கும் பதில்களில் முதலே எச்சரிக்கை போட்டிருக்கிறோம்.

கதை என்ன? சுருக்கமாச் சொல்லுங்கோ.

டன்வால் என்ற துறைமுக நகரம். எலிகளால் பரவும் கொள்ளைநோயில் நகரமே அழுகிக்கொண்டிருக்கிறது. திமிங்கில எண்ணெயில்தான் விளக்கும் இயந்திரமும் ஓடுகின்றன. பேரரசி ஜெஸமினின் மெய்க்காவலர் கோர்வோ. அவர் கண்முன்னே பேரரசி கொல்லப்படுகிறார், மகள் எமிலி கடத்தப்படுகிறாள், பழி கோர்வோ மேல் விழுகிறது. சிறையிலிருந்து தப்பிய பிறகு சதிகாரரை ஒவ்வொருவராகத் தேடிப் போவதுதான் மீதி. தொடக்க மிஷனோடு சேர்த்து ஒன்பது மிஷன்கள்.

என்ர பழைய லப்டொப்பில ஓடுமோ?

பெரும்பாலும் ஓடும். இது அன்ரியல் எஞ்சின் 3 இல் செய்த, டைரக்ட்எக்ஸ் 9 கேம். கேட்பது 3.0 கிகாஹேர்ட்ஸ் இரட்டைக் கோர் புரொசெசர், 64 பிற் விண்டோஸ் என்றால் 4 ஜிபி ராம், 9 ஜிபி இடம், 512 எம்பி கிராபிக்ஸ் நினைவகம். தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லாத லப்டொப்பில் இன்டெல் எச்டி 4000 இருந்தாலே 1280×720 தெளிவில், தரத்தைக் கீழே இறக்கி விளையாடலாம். அண்மைக்கால லப்டொப் என்றால் 1920×1080 இலேயே வையுங்கள்.

வேகம் குறைந்தால் முதலில் தெளிவைக் குறையுங்கள், பிறகு நிழல் தொடர்பான அமைப்பைக் குறையுங்கள். டெக்ஸ்சரை, அதாவது பொருட்களின் மேற்பரப்பில் ஒட்டிய படங்களின் தரத்தை, கடைசியாகத் தொடுங்கள். இந்தக் கேமின் சுவர்களும் முகங்களும் தூரிகையால் தீட்டிய ஓவியம் போலச் செய்யப்பட்டவை. டெக்ஸ்சர் குறைந்தால் அந்த அழகுதான் முதலில் போகிறது.

சித்திரை, வைகாசி வெயிலில் வேறொரு சிக்கல் வரும்: முதல் இருபது நிமிடம் நல்லாக ஓடி, பிறகு திடீரென்று இழுக்கத் தொடங்கும். அது கேமின் பிழை இல்லை. சூடேறியதும் புரொசெசர் தன் வேகத்தைத் தானே குறைக்கிறது. திரை காட்டக்கூடிய அளவுக்கு மேல் படங்களை வரையவிடாத வீ-சிங்கை இயக்கிவிட்டால் தேவையில்லாமல் பிரேம்களை அள்ளித் தள்ளாது, சூடும் இறங்கும். லப்டொப்பை மெத்தையில் வைக்க வேண்டாம், கீழே காற்றுப் போகட்டும். சார்ஜரைக் கழற்றிவிட்டு விளையாடினாலும் வேகம் விழும்.

விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: கேம் விண்டோஸ் 7 இல் ஓடும். ஆனால் 2024 ஜனவரி முதல் ஸ்டீம் விண்டோஸ் 7க்கும் 8க்கும் ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10 அல்லது 11க்கு மாறுவதுதான் வழி.

எங்கட வீட்டு இன்டர்நெட்டில 9 ஜிபி இறக்கிறது எப்பிடி?

ஸ்டீம் அமைப்புகளில் டவுன்லோட் பகுதிக்குப் போனால், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை இறக்க வேண்டும் என்று நேரம் குறிக்கலாம். உங்கள் பொதியில் இரவு நேர டேட்டா தனியாக இருந்தால் அந்த நேரத்துக்கு மட்டும் விட்டுவிடுங்கள். பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இதைவிட நல்ல வழி: கேம் ஏற்கெனவே இருக்கிற நண்பரின் கொம்பியூட்டரை அதே வைஃபையில் இணைத்து, இரண்டிலும் ஸ்டீமைத் திறந்து, உள் வலையமைப்பு வழியாக மாற்றும் வசதியை இயக்குங்கள். கேம் நேராக அங்கிருந்து வரும், டேட்டா மிச்சம். இருவரும் கேமைச் சொந்தமாக வாங்கியிருக்க வேண்டும். பென் டிரைவில் கொண்டுவருவதென்றால் அதை முதலில் எக்ஸ்ஃபாட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் ஃபோர்மட் செய்யுங்கள். ஃபாட்32 இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது, கொப்பி பாதியில் நிற்கும்.

விலை டொலரில் வரும். கார்ட்டில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று வங்கியில் முதலே கேளுங்கள். கழிவு விற்பனை அடிக்கடி வருவதால் முழு விலைக்கு வாங்க அவசரப்பட வேண்டாம். வாங்கினால் டெஃபினிட்டிவ் எடிஷனை வாங்குங்கள், கூடுதல் கதைகளும் அதற்குள் வந்துவிடும்.

கறண்ட் போனா சேவ் அழிஞ்சிடுமோ?

சேவ் எழுதிக்கொண்டிருக்கும் அந்தக் கணத்தில் கறண்ட் போனால் அந்தக் கோப்பு பழுதாகலாம். F5 அடிக்கும் விரைவு சேவ் ஒவ்வொரு தடவையும் பழையதன் மேலேயே எழுதுகிறது. ஆகவே அதை மட்டும் நம்பியிருந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. மெனுவுக்குப் போய்த் தனித்தனி இடங்களில் கையால் சேவ் செய்யுங்கள்: மிஷன் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, இலக்கை நெருங்கும்போது ஒன்று. மேசைக் கொம்பியூட்டருக்குச் சின்ன யூபிஎஸ் காணும். சேவ் செய்து மூடுவதற்கான சில நிமிடம்தான் தேவை, விளையாட்டைத் தொடர்வதற்கு அல்ல.

இருட்டுக்குள்ளதான் நிண்டனான், பிறகும் என்னைக் கண்டிட்டாங்கள். ஏன்?

அதிகமாக வரும் முறைப்பாடு இதுதான். 1998 இல் வந்த தீஃப் போன்ற கேம்களில் பழகியவர்கள் நிழலுக்குள் நின்றால் மறைந்துவிட்டோம் என்று நினைக்கிறார்கள். அங்கே திரையின் கீழே ஒளிமானி இருக்கும், இருட்டில் நின்றால் காவலன் மூக்குக்கு முன்னாலும் தப்பலாம். டிஸ்ஹானர்ட் அப்படிச் செய்யப்படவில்லை. இங்கே கணக்கு பார்வைக் கோடு: காவலனின் கண்ணுக்கும் உங்கள் உடம்புக்கும் இடையில் ஏதாவது தடுப்பு இருக்கிறதா என்பதுதான். இருட்டு தூரத்தில் மட்டும் உதவும், கிட்ட வந்தால் உதவாது.

இதைப் புரிந்துகொண்டால் கேம் வேறு மாதிரித் தெரியும். மேசைக்குப் பின்னால், தூணுக்குப் பின்னால், மதிலின் மேலே என்று இடம் தேடத் தொடங்குவீர்கள். காவலர்கள் மேலே பார்ப்பது குறைவு. அலுமாரியின் மேல், தொங்கும் பெரிய விளக்கின் மேல், சுவரில் ஓடும் குழாயின் மேல் நின்றால் கீழே இருவர் கதைத்துக்கொண்டு போவதை ஆறுதலாகக் கேட்கலாம்.

காவலன் தலைக்கு மேல் தோன்றும் மின்னல் குறிகளை வடிவாகக் கவனியுங்கள். வெள்ளைக் குறிகள் நிரம்ப நிரம்பச் சந்தேகம் கூடுகிறது. சிவந்துவிட்டால் கண்டுவிட்டான். முதற்குறி தோன்றியதும் ஓட வேண்டாம், ஓடினால் சத்தம் கேட்கும். குனிந்தபடி பார்வைக் கோட்டை வெட்டி ஒரு தடுப்புக்குப் பின்னால் போனால் காணும். அவன் வந்து பார்த்துவிட்டுத் தன் வழியில் திரும்புவான்.

மூலையில சாய்ஞ்சு பாத்தா காணுவாங்களோ?

காணமாட்டார்கள். Q, E பட்டன்களால் பக்கமாகச் சாயும்போது உடம்பு தடுப்புக்குப் பின்னால் இருக்கும்வரை, தலை முழுதாக வெளியே தெரிந்தாலும் கேம் உங்களை மறைந்தவராகவே கணக்கெடுக்கும். நம்ப முடியாத அளவுக்குத் தாராளமான விதி. சிலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். முதல் ஆள் பார்வையில் விளையாடும் கேமில் மூலைக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று அறிய வேறு வழி இல்லை என்பதால், இதை நியாயமான முடிவாகத்தான் நாங்கள் பார்க்கிறோம். கதவென்றால் சாவித் துவாரத்தாலும் எட்டிப் பார்க்கலாம்.

ஒருத்தரையும் கொல்லேல்லை, ஆனா மிஷன் முடிவில கொலை 1 எண்டு காட்டுது!

கொன்றது நீங்கள் இல்லை, எலி. அல்லது தண்ணீர். மயக்கிப் போட்ட ஆள் நீங்கள் போன பிறகு செத்தாலும் அது உங்கள் கணக்கில்தான் விழும். வழக்கமான காரணங்கள் இவை:

எலிக் கூட்டம் திரியும் ஒழுங்கையில் உடம்பைத் தரையில் விட்டால் தின்றுவிடும். குப்பைப் பெட்டிக்குள் போடுங்கள், அல்லது எலி ஏற முடியாத உயரத்தில் கிடத்துங்கள்.

தண்ணீர் ஓரத்தில், பல்கனியில், மாடிப்படி விளிம்பில் நிற்பவனுக்கு மயக்க அம்பு எய்தால் அவன் விழும் பக்கம் உங்கள் கையில் இல்லை. ஆழமில்லாத தண்ணீரில் முகம் கவிழ்ந்தாலும் மூழ்கிச் சாவான்.

தோளில் சுமந்த உடம்பை எறிய வேண்டாம், நின்று கீழே வையுங்கள். உயரத்திலிருந்து போட்டால் சாவு.

ஒளிச்சுவர் என்ற மின்தடுப்பின் இணைப்பை மாற்றி வைத்தால் அது பிறகு காவலரைச் சுட்டெரிக்கும். அந்தச் சாவும் உங்களுடையது. கொலையில்லாமல் போவதென்றால் இணைப்பை மாற்றாமல் திமிங்கில எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிவிடுங்கள், சுவர் அணைந்துவிடும். கழற்றிய தொட்டியை எறிய வேண்டாம், வெடிக்கும்.

நோய் முற்றி இரத்தக் கண்ணீரோடு திரிபவர்களும் மனிதர்கள்தான். அவர்களைக் கொன்றாலும் கணக்கில் வரும். எலிகளைக் கொல்வது வராது.

மயக்குறதுக்கு எது நல்லது, கையோ அம்போ?

தனியாக நிற்பவனுக்குக் கை. பின்னால் குனிந்து போய், வாளால் தடுக்கும் அதே பட்டனை அழுத்திப் பிடித்தால் கழுத்தை நெரித்து மயக்கும். சில விநாடி எடுக்கும், அந்த நேரம் இன்னொருவன் திரும்பினால் கதை முடிந்தது. இருவர் சேர்ந்து நின்றால் ஒருவனுக்கு அம்பு, மற்றவனுக்கு உடனே இன்னொரு அம்பு. உங்களைக் காணாதவனை மயக்க அம்பு உடனே விழுத்தும். கண்டு பாய்ந்து வருபவனில் அது ஏற நேரம் எடுக்கும், அதற்குள் கத்திவிடுவான்.

கேயாஸ் எண்டு சொல்லுறது என்ன?

நீங்கள் செய்யும் கொலைகளின் கணக்கை நகரம் வைத்திருக்கிறது. பிணம் கூடினால் அடுத்த மிஷன்களில் எலியும் நோயாளரும் காவலரும் கூடுவார்கள். ஆட்கள் உங்களோடு கதைக்கும் விதம் மாறும். எமிலி கீறும் படங்கள்கூட இருண்டுவிடும். ஒரு கொலை விழுந்தவுடன் எல்லாம் பாழ் என்று பயப்பட வேண்டாம், குறைந்த கேயாஸில் சில சாவுகளுக்கு இடமுண்டு.

கதை உடையும், கவனம்: கூடிய கேயாஸில் போனால் படகோட்டி சாமுவேல் கடைசித் தீவில் உங்களை இறக்கிவிட்டு, உங்கள்மேல் வெறுப்போடு துப்பாக்கியால் வானத்தில் சுட்டு எதிரிகளை எச்சரிப்பார். அதுவரை மரியாதையாகப் பேசிய மனிதர் அவர். அந்த ஒரு வெடிச்சத்தம் கேயாஸ் கணக்கு முழுவதையும் சொல்லிவிடும்.

கொல்லக் கூடாதெண்டா உந்த ஆயுதமெல்லாம் எதுக்கு?

பலரும் சொல்லும் நியாயமான குறை. துப்பாக்கி, குண்டு, சுருள்கத்திப் பொறி, எலிப்படையை வரவழைக்கும் சக்தி, சூறைக்காற்று என்று கொல்வதற்கான கருவிகள் குவிந்திருக்கின்றன. கொல்லாதவனுக்கு மயக்க அம்பும் கையும்தான். நல்ல முடிவை விரும்புபவன் கேம் தந்த பாதிச் சாமானைத் தொடாமலே முடிக்கிறான். இரண்டாம் பாகத்தில் கொல்லாத வழிக்கும் கூடுதல் நகர்வுகள் சேர்த்தது இந்தக் குறையைச் சரிசெய்யத்தான்.

எங்கள் ஆலோசனை: முதல் முறை மனம் போல விளையாடுங்கள். வாள் எடுக்க வேண்டி வந்தால் எடுங்கள், திட்டம் பிழைத்தால் தப்பி ஓடுங்கள். கூரை வழியாகத் துரத்தப்பட்டுத் தப்பும் அனுபவம் இந்தக் கேமின் பெரிய சந்தோஷங்களில் ஒன்று. காணப்பட்டவுடன் F9 அடித்துப் பழைய சேவுக்குத் திரும்புபவர்களுக்கு அது கிடைக்கவே கிடைக்காது. இரண்டாம் முறை யாரையும் கொல்லாமல், யார் கண்ணிலும் படாமல் போங்கள். அப்போது நகரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், பொறுமையும் வந்திருக்கும்.

ரூன்களை எதில செலவழிக்கிறது?

ரூன்கள் என்பவை கோர்வோவின் மாய சக்திகளை வாங்கக் கொடுக்கும் பொருட்கள். ஒளிந்து போகிறவருக்கு வரிசை இது. முதலில் டார்க் விஷன்: சுவருக்கு அப்பால் நிற்பவர்களும் அவர்கள் பார்க்கும் பரப்பும் தெரியும். அடுத்து அஜிலிட்டி: உயரம் பாயலாம், விழுந்தாலும் அடி குறையும். அடுத்து, கண்ணிமைக்கும் நேரத்தில் இன்னோர் இடத்துக்குத் தாவும் பிளிங்கின் இரண்டாம் நிலை, தூரம் கூடும். பிறகு பொஸெஷன். முதல் நிலையில் எலிக்கும் மீனுக்கும் உள்ளே புகுந்து சிறு துவாரங்களால் போகலாம், இரண்டாம் நிலையில் மனிதருக்குள்ளும். ரூன்கள் இருக்குமிடத்தை இதயம் என்ற பொருள் தூரத்தோடு காட்டும். அதே இதயத்தை ஆட்களின் பக்கம் பிடித்தால் அவர்களின் இரகசியத்தைச் சொல்லும். அவசரத்தில் இதைத் தவறவிடுபவர்கள் மிகப் பலர்.

பிளிங்க் அடித்தபின் கொஞ்சம் பொறுத்தால் செலவான நீலச் சக்தி தானே திரும்பிவிடும். பொறுக்காமல் அடுத்தடுத்து அடித்தால்தான் சக்தி நிரப்பும் போத்தல் தேவைப்படும்.

கேம்பெல் மிஷனில கொல்லாத வழி எங்க?

கதை கொஞ்சம் உடையும். நகரின் மதச் சபைக்குத் தலைவரான தலைமை ஓவர்சியர் கேம்பெல், கேர்னோ என்ற அதிகாரியை அழைத்து நஞ்சு கலந்த மதுவால் கொல்லத் திட்டமிட்டிருக்கிறார். அவர்கள் வருமுன் அந்த அறைக்குள் போனால் மேசையில் இரண்டு கிண்ணங்கள் இருக்கும். மாற்றி வைத்தால் கேம்பெல் தன் நஞ்சைத் தானே குடிப்பார். அது கொலை வழி. இரண்டையும் கொட்டிவிட்டால் மது இல்லாததால் கேர்னோவைக் கீழே இரகசிய அறைக்குக் கூட்டிப் போய் அங்கே முடிக்கப் பார்ப்பார். நீங்கள் முந்திப் போய்க் காத்திருந்து, கேம்பெல் ஆயுதம் எடுக்கும் முன் அம்பெய்து மயக்குங்கள். பிறகு அவரைத் தூக்கிக்கொண்டு விசாரணை அறைக்குப் போய், நாற்காலியில் இருத்தி, அங்கேயுள்ள சூட்டுக்கோலால் முகத்தில் குறி சுடுங்கள். அந்தக் குறி விழுந்தவரை அவருடைய சபையே துரத்திவிடும்.

இங்கே பிழை நடக்கும் இடம், தூக்கிக்கொண்டு போகும் பாதை. கேம்பெலைத் தொடுமுன் அந்தப் பாதையிலுள்ளவர்களை மயக்கி ஒளித்து வையுங்கள். ஆளைச் சுமந்தபடி சண்டை பிடிக்க முடியாது.

லேடி போய்ல் விருந்தில எந்தச் சகோதரி எண்டு சொல்லுங்கோ!

சொல்ல முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு ஆட்டத்திலும் மாறும். எஸ்மா, வேவர்லி, லிடியா என மூன்று சகோதரிகள், வெள்ளை, கறுப்பு, சிவப்பு உடைகளில் முகமூடியோடு. மேல்மாடிப் படுக்கையறைகளில் உள்ள குறிப்புகளை வாசித்தும் விருந்தினரோடு கதைத்தும் கண்டுபிடிக்க வேண்டும். முகமூடி விருந்து என்பதால் கோர்வோவின் முகமூடியை எல்லோரும் வேஷமென்றே நினைப்பார்கள், நிமிர்ந்து நடந்து போகலாம். வாசலில் உள்ள விருந்தினர் ஏட்டில் கோர்வோவின் சொந்தப் பெயரையே எழுதலாம். எழுதிப் பாருங்கள்.

கதை உடையும், கவனம்: கொல்லாத வழியில் அந்தப் பெண்ணை அவள்மேல் பித்துப்பிடித்த ஒருவனிடம் மயங்கிய நிலையில் ஒப்படைக்கிறோம். கொலை இல்லை என்பதால் கேம் இதை நல்ல செயலாகக் கணக்கெடுக்கிறது. விளையாடிய பலருக்கு இது நெஞ்சை உறுத்துகிறது, எங்களுக்கும்தான். கேமின் எழுத்தில் மிகப் பலவீனமான இடம் இது.

முதல் பெட்டகத்தின்ர நம்பர்?

தொடக்கத்தில் வரும் சாக்கடைக்குள் உள்ளதற்கு 451. 1994 இன் சிஸ்டம் ஷொக் என்ற கேமிலிருந்து வரும் மரபு. 2000 இல் வந்த டியூஸ் எக்ஸிலும் 0451 இருந்தது, அதில் வேலை செய்த ஹார்வி ஸ்மித் டிஸ்ஹானர்டின் இரு இயக்குநர்களில் ஒருவர். மற்றப் பெட்டகங்களுக்கு நம்பரை வெளியே தேட வேண்டாம், அந்தந்த மிஷனுக்குள்ளேயே தடயம் இருக்கும்.

ரெண்டு நாளில முடிஞ்சுது, சின்னக் கேம் எண்டு சொல்லுறாங்கள்.

இலக்குக் குறியைப் பின்தொடர்ந்து நேராகப் போனால் சின்னதுதான். அமைப்புகளில் அந்தக் குறியை நிறுத்திவிடுங்கள். வீட்டுக்கு மூன்று வாசல், கூரையில் ஒரு வழி, கீழே எலி போகும் துவாரம் ஒன்று என்று கட்டிவைத்திருப்பது அப்போதுதான் கண்ணில் படும். அமைப்புகளில் உங்கள் பார்வைப் பரப்பை (FOV) 85, 90 அளவுக்குக் கூட்டுங்கள், தலைச்சுற்றும் குறையும்.

தமிழ் இல்லையே, இங்கிலீஷ் கஷ்டமெண்டா?

சப்டைட்டிலை இயக்குங்கள். சத்தத்தையும் குறைக்க வேண்டாம், காவலரின் காலடியும் பேச்சும்தான் பாதித் தகவல்.

தம்பிக்கு 12 வயசு, குடுக்கலாமோ?

வேண்டாம். ஐரோப்பிய மதிப்பீட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. இரத்தம் தாராளம், ஒரு மிஷனின் இலக்கே விலைமாதர் விடுதிக்குள்தான் இருக்கிறது.

அடுத்து எதை விளையாடுறது?

உடனே இரண்டாம் பாகத்துக்குப் பாய வேண்டாம். 2016 இல் வந்த அது வேறு எஞ்சினில் ஓடுகிறது, 8 ஜிபி ராமும் 60 ஜிபி இடமும் கேட்கும், வெளிவந்த காலத்தில் பிசியில் வேகப் பிரச்சினைக்குப் பேர்போனது. நல்ல மெஷின் கிடைக்கும்வரை பொறுத்தாலும் நட்டமில்லை.

அதற்கு முன் 2013 இன் இரு கூடுதல் கதைகள் இருக்கின்றன. முதலில் நைஃப் ஒஃப் டன்வால், பிறகு பிரிக்மோர் விச்சஸ். கதை கொஞ்சம் உடையும்: இரண்டிலும் நீங்கள் பேரரசியைக் கொன்ற டௌட். அவருடைய பிளிங்கில் ஒரு வித்தியாசம்: அசையாமல் நின்று குறி வைக்கும்போது நேரம் நின்றுவிடும், ஆகவே தூரத்து விளிம்பைக் கணித்துப் பிடிக்க அவகாசம் கிடைக்கிறது. முதற்கதையின் சேவ் கோப்பைக் கொண்டு இரண்டாவதைத் தொடங்கினால் உங்கள் கேயாஸும் கூடவே வரும். முதலாவது முடிந்ததும் இடம் பிடிக்கிறதென்று சேவ் கோப்பை அழித்துவிடாதீர்கள்.